டேப்பா, வால்வா, பிரீதரா: பழைய எஞ்சினின் ஒயில் பிரச்சினைக்கு எதைச் செய்வது?

கொழும்பில் பழைய பிஎஸ்ஏ, டிரையம்ஃப், நோர்ட்டன் வைத்திருப்பவர்கள் கேட்பதில் பாதி ஒரே கேள்விதான். இரண்டு வாரம் நிறுத்தி வைத்த பைக்கைக் கிக் பண்ணினால் ஒழுங்கை முழுக்க நீலப் புகை, டைல்ஸ் தரையில் ஒயில் குளம். கராஜில் ஒருவர் "டேப் ஒன்று போட்டு மூடி வையுங்கோ" என்பார். இன்னொருவர் ஸ்பிரிங் வால்வு என்பார். மூன்றாமவர், எஞ்சின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் ஹோஸைப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகும் என்பார். நாலாவது ஆள் "ஒயில் ஒழுகாட்டி அது பிரிட்டிஷ் பைக்கே இல்லை, விடுங்கோ" என்று சிரித்துவிட்டுப் போவார்.

நாலாவது ஆளை விட்டுவிடுவோம். மற்ற மூவர் சொல்வதும் ஏதோ ஒரு எஞ்சினுக்குச் சரிதான். உங்களுடைய எஞ்சினுக்குச் சரியா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

## முதலில் எது நோய்?

இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை டிரை சம்ப் வகை. ஒயில் தனி டேங்கில் இருக்கும். பம்பின் ஒரு பாதி அதை எடுத்துக் கிராங்குக்குக் கொடுக்கும், மற்றப் பாதி கிராங்கைச் சுற்றியுள்ள உறையான கிராங்க்கேஸின் அடியில் வடிந்ததை உறிஞ்சி மறுபடி டேங்குக்கு ஏற்றும். கீழே ஒயில் தேங்கக் கூடாது என்பதற்காக, ஏற்றும் பாதியை வேண்டுமென்றே பெரிதாகச் செய்திருப்பார்கள். எஞ்சினை நிறுத்தினால் இரண்டும் நின்றுவிடும். டேங்க் மேலே, கிராங்க்கேஸ் கீழே. இடையில் காவலுக்கு இருப்பது பம்பும், பெரும்பாலும் ஒரு சின்னக் குண்டு வால்வும்தான். பம்ப் தேய்ந்து, குண்டு இருக்கையில் சரியாக உட்காராமல் போனால் டேங்கில் இருந்ததெல்லாம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். இது நின்றபடி வரும் நோய்.

ஓடும்போது வரும் நோய் வேறு. 500 சிசி ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு தடவையும் அரை லீட்டர் காற்று அமுக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இது செக்கனுக்கு 50 தடவை. டிரையம்ஃப், பிஎஸ்ஏ இரட்டைச் சிலிண்டர்களில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் இரண்டு சிலிண்டரும் இருந்தும் அந்த ஏற்ற இறக்கம் குறைவதில்லை. 650 என்றால் முழு 650 சிசியும் ஆடும். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் புகையும் அதோடு சேரும். வெளியேற வழி போதாவிட்டால், கேஸ்கட், சீல், புஷ்ரொட் குழாய் என்று எந்த இடுக்குக் கிடைத்தாலும் அதன் வழியே ஒயிலைத் தள்ளும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் செலவே இல்லை. சில நாட்கள் நின்ற பைக்கின் ஒயில் டேங்க் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்துத் திரும்பி வரும் குழாயின் வாயைப் பாருங்கள். முதலில் தடித்த ஒழுக்காக வந்து, ஓரிரு நிமிடத்தில் காற்றுக் குமிழோடு விட்டுவிட்டுத் துப்பத் தொடங்கினால், இரவோடிரவாகக் கீழே இறங்கிய ஒயில் மேலே போய்விட்டது என்று அர்த்தம். தொடக்கத்திலிருந்தே குமிழோடு துப்புகிறது, ஆனாலும் ஓடிவிட்டு வந்தால் எஞ்சின் நனைந்திருக்கிறது என்றால் பிரீதரைச் சந்தேகிக்கலாம். ஒன்றுமே வரவில்லையா? உடனே நிறுத்துங்கள். அது வேறு வியாதி, இந்தக் கட்டுரையில் அதற்கு மருந்து இல்லை.

இன்னொன்று: ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேங்கில் ஒயில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலே ஊற்றிவிடுவார்கள். கீழே இறங்கியதும் ஏறி வரும்போது டேங்க் வழிந்து, அந்த ஒயில் பின் டயரில் விழும். அளவைப் பார்ப்பதென்றால் ஓடிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, போட்ட பாகம் பழுதானால் எஞ்சினுக்கு என்ன ஆகும் என்பது. தரையில் ஒயில் சிந்தினால் துடைத்துவிடலாம். கிராங்குக்கு ஒயில் போகாவிட்டால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும். மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்கு நான் இரண்டு மடங்கு மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்தது, கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பது. கிராங்க்கேஸில் துளை போட்டால் போட்டதுதான். பழைய ஸ்ரீ இலக்கத் தகட்டோடு, பாகம் மாறாமல் இருக்கும் பைக்கைத் தேடி வாங்குபவர் முதலில் குனிந்து பார்ப்பதும் அங்கேதான். மூன்றாவது, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்க முடியுமா, இல்லை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துச் சுங்கத்துக்கும் கட்ட வேண்டுமா என்பது. கடைசியாக, உங்கள் ஓட்டம் எப்படி? வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய் வருவதும், மாதத்துக்கொரு தடவை கடுகண்ணாவ ஏற்றம் ஏறுவதும் எஞ்சினுக்கு ஒன்றல்ல.

## நின்றபடி இறங்கும் ஒயிலுக்கு

### இருக்கும் வால்வைச் சரிசெய்வது

பெரும்பாலானோர் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். பிஎஸ்ஏ மாதிரியான எஞ்சின்களில் பம்பிலிருந்து கிராங்குக்குப் போகும் வழியில் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். அதை எடுத்து, இருக்கையைச் சுத்தமான துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல இருக்கை மெல்லிய, எங்கும் உடையாத பளபளப்பான வளையமாகத் தெரியும். வளையத்தின் ஒரு பக்கம் அகன்றோ, கறுத்தோ, கீறலோடோ இருந்தால் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. பழைய குண்டை இருக்கையில் வைத்து, பித்தளைக் கம்பியை அதன் மேல் நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு மெல்லிய தட்டு. பிறகு அந்தக் குண்டை எறிந்துவிட்டுப் புதுக் குண்டு, புது ஸ்பிரிங். குண்டைப் பெயாரிங் கடையில் அளவு சொல்லி வாங்கலாம். மூடுவதற்கு முன் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தால், பிடிக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரியும்.

இது மட்டும் போதாத நேரமும் உண்டு. கியர் பம்பில் பற்களின் பக்கவாட்டு முகத்துக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தால், ஒயில் பம்புக்குள்ளேயே தாண்டிப் போகும். சுழல் தண்டைச் சுற்றியும் கசியும். மூடியின் முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய வாட்டர் பேப்பர் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் பம்ப் இறுகிவிடும். விரலால் சுற்றும்போது வழுவழுப்பாகச் சுற்ற வேண்டும். அந்த வேலைக்குப் பொறுமையான பாஸ் (மெக்கானிக்) ஒருவர் தேவை, கிடைப்பதும் கஷ்டம். மறைசெலவு அதுதான், பணம் பெரிதாக இல்லை.

பழுதானால்? பழையபடி ஒயில் இறங்கும், அவ்வளவுதான். வெளியே ஒன்றும் மாறியிருக்காது. எந்த பைக்காக இருந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

### டேப்

டேங்குக்கும் பம்புக்கும் நடுவே கால்வாசிச் சுற்றில் மூடும் பித்தளை டேப். ஹார்ட்வெயர் கடையிலேயே கிடைக்கும். மூடினால் ஒரு சொட்டும் இறங்காது. இந்த நான்கு வழிகளில் நூற்றுக்கு நூறு வேலை செய்வது இது ஒன்றுதான். திறக்க மறந்தால் எஞ்சினை நூற்றுக்கு நூறு கொல்வதும் இதுதான்.

நீங்கள் மறக்க மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கராஜில் விட்டால் அங்கே வேலை பழகும் பையன் கிக்கரை மிதிப்பான். வீட்டுக்கு வரும் மச்சான் "ஒரு ரவுண்ட் போய்ட்டு வாறேன்" என்பார். பிஎஸ்ஏ எம்20, பி31 மாதிரி, பிக் எண்டில் (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடம்) ரோலர் உள்ள ஒற்றைச் சிலிண்டர் சற்று நேரம் தாங்கலாம். டிரையம்ஃப், பிஎஸ்ஏ ஏ10 இரட்டைச் சிலிண்டர்களின் பிக் எண்டில் இருப்பது வெறும் ஷெல் பெயாரிங். அழுத்தத்தோடு வரும் ஒயிலில் மிதந்தே அது வாழ்கிறது. ஒழுங்கை முனை தாண்டுவதற்குள் கதை முடிந்துவிடலாம்.

போட்டே தீர வேண்டுமென்றால், டேப் மூடியிருக்கும்போது பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மக்னெட்டோவை எர்த் பண்ணும் சின்ன சுவிட்ச் ஒன்றை அதோடு பொருத்துங்கள். மூடியிருந்தால் எஞ்சின் பற்றாது. ஆனால் மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் பைக்கில் அந்த சுவிட்சின் வாய் உப்புக் காற்றில் பூத்துவிட்டால், காவல் போனதே உங்களுக்குத் தெரியாது. அவ்வப்போது டேப்பை மூடி வைத்துக் கிக் பண்ணி, பற்றவில்லைதானே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டேப்பின் உள் துவாரம் குழாயின் துவாரத்தைவிடச் சிறிதாக இருக்கவும் கூடாது.

மாதக்கணக்கில் நிற்கும், ஒரே ஒருவர் மட்டும் தொடும், சுவிட்ச் பூட்டிய பைக்குக்கு டேப் சரி. மற்றவர்களுக்கு வேண்டாம்.

### ஸ்பிரிங் வால்வு

ஒயில் குழாயின் நடுவே வெட்டிப் போடுவது. பம்ப் உறிஞ்சும்போது தானாகத் திறக்கும், நின்றால் ஸ்பிரிங் மூடும். மறதிக்கு இடமில்லை என்பதால் பலருக்குப் பிடிக்கிறது. எனக்குத்தான் பிடிப்பதில்லை.

ஒயில் ஏன் இறங்குகிறது? பெரும்பாலும் பம்ப் தேய்ந்ததால்தான். அந்தத் தேய்ந்த பம்புக்கே, உறிஞ்சித்தான் ஒரு ஸ்பிரிங்கைத் திறக்க வேண்டும் என்று புது வேலையும் கொடுக்கிறோம். ஒயில் நிறைந்திருக்கும்போது எப்படியோ திறந்துவிடும். ஒயில் மாற்றிய பிறகு குழாயில் காற்று நிற்கும்போது திறக்காமலே இருந்துவிடலாம், எஞ்சினோ வெளியே எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் போட்டவர் ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்குப் பிறகும் வால்வுக்குக் கீழே குழாயை ஒயிலால் நிரப்பி, டேங்கில் ஒயில் திரும்பி வருவதைக் கண்ணால் கண்ட பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

டேப்புக்கும் வால்வுக்கும் பொதுவான இரண்டு தொல்லைகள் உண்டு. ஹார்ட்வெயர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் சூடான ஒயிலில் இளகி, உறிஞ்சும்போது சப்பையாகிவிடும். ஒயில் தாங்கும் ரப்பர் ஹோஸ்தான் போட வேண்டும். அதேபோல, குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை நாடாவை இங்கே சுற்றாதீர்கள். அதன் ஒரு இழை பிய்ந்து உள்ளே போய்க் குண்டின் அடியில் உட்கார்ந்தால், எதைத் தடுக்கப் போனீர்களோ அதையே நீங்கள் உண்டாக்கியிருப்பீர்கள்.

### ஒன்றும் செய்யாமல் வடிப்பது

இரண்டு மூன்று நாளைக்கொரு தடவை ஓட்டுகிறவருக்கு இதுவும் ஒரு நேர்மையான தேர்வு. அந்த இடைவெளியில் இறங்கும் கொஞ்ச ஒயிலைப் பம்பே ஏற்றிவிடும். நீண்ட நாள் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்க்கேஸின் அடியிலுள்ள சம்ப் பிளக்கைக் கழற்றிச் சுத்தமான பாத்திரத்தில் வடித்து, வடிகட்டி டேங்கில் ஊற்றுங்கள். சோம்பலில் அப்படியே கிக் பண்ணினால் ஒயில் சீலைத் தாண்டிப் பிரைமரி செயின் அறைக்குள் போகும், அடுத்த நாள் கிளட்ச் வழுக்கும்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்காக ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட எம்20 உங்களிடம் இருந்தால், இதுவும் குண்டு வால்வு வேலையும் போதும். வேகமில்லாத, நெருக்கம் (கம்பிரஷன்) குறைந்த, வழியோரத்திலேயே பிரித்துப் பூட்டும்படி கட்டிய எஞ்சின் அது. புதிதாக எதையும் கேட்பதில்லை. ரோயல் என்ஃபீல்ட் புல்லட்காரர்கள் இந்தப் பகுதியையே விட்டுவிடலாம். பழைய புல்லட்டில் ஒயில் அறை கிராங்க்கேஸோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதால், டேப்போ வால்வோ போட வெளியே குழாயே இல்லை.

## ஓடும்போது ஒழுகும் ஒயிலுக்கு

பிரீதரில் கை வைப்பதற்கு முன் ரிங் எப்படி என்று பாருங்கள். ரிங் போன எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய பிரீதர் போட்டாலும் காய்ச்சலுக்கு விசிறி வீசுவது போலத்தான். நெருக்கம் நன்றாக இருந்தும் ஒழுகினால், உங்கள் முன் இருக்கும் வழிகள் இவை (ரீட் வால்வு என்பது காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் தகட்டு வால்வு):

| | பழையதைப் புதுப்பித்தல் | அகன்ற ஹோஸ் | ரீட் வால்வு |
|---|---|---|---|
| உள் அழுத்தம் | வடிவமைத்த அளவுக்குக் குறையும் | உச்சம் குறையும் | வெளிக் காற்றைவிடக் குறைவாகவே இருக்கும் |
| பழுதானால் | ஒழுகல் திரும்பும் | பழுதாக ஒன்றுமில்லை | மூடியபடி ஒட்டினால் சீல் பிதுங்கும் |
| ஈரப்பதம் | குறைவாக உள்ளே வரும் | ஒவ்வொரு மூச்சிலும் வரும் | மிகக் குறைவு |
| மீளக் கழற்றுவது | தேவையில்லை | துளை பெருப்பித்தால் முடியாது | எளிது |
| இங்கே கிடைப்பது | பைக்கைப் பொறுத்தது | எங்கும் | தேடினால் கிடைக்கும் |

டிரையம்ஃப், ஏ10 எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட்டின் முனையில் ஒரு சின்ன வால்வு சுற்றி, பிஸ்டன் இறங்கும் நேரத்தில் மட்டும் வழி திறக்கும். கெட்டிக்கார வடிவமைப்புத்தான், ஆனால் அது தேய்ந்தால் வழி நேரம் தவறித் திறக்கும். டிரையம்ஃப் நிறுவனமே தன் 650 எஞ்சினில் 1970 மாடலோடு இதைக் கைவிட்டு, கிராங்க்கேஸைப் பிரைமரி செயின் அறை வழியாக மூச்சுவிட வைத்தது. அதைப் பார்த்து அதற்கு முந்தைய எஞ்சின்களிலும் துளை போட்டு மாற்றுகிறவர்கள் உண்டு. நன்றாக வேலை செய்யும், ஆனால் திரும்பி வர முடியாத வேலை. எஞ்சினை எப்படியும் முழுதாகப் பிரித்திருந்தால், மூல நிலை பற்றிக் கவலையும் இல்லாவிட்டால் மட்டும் யோசியுங்கள்.

புல்லட்டில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் துண்டு இந்த வேலையைச் செய்கிறது. ரப்பர் இறுகினால் அலகு விரியாது, அல்லது மூடாது. மலிவான பாகம். வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.

அகன்ற ஹோஸ் ஏமாற்றாத வழி. ஆனால் வெளியே தள்ளிய காற்றை அடுத்த மூச்சிலேயே திரும்ப இழுக்கும். கொழும்புக் காற்றின் ஈரம் எல்லோருக்கும் தெரிந்ததே. கோட்டைக்குப் போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் ஒயில் அந்த ஈரத்தை விரட்டும் அளவுக்குச் சூடாவதில்லை. சில வாரத்தில் டேங்க் மூடியின் அடியில் வெள்ளைக் களிம்பு பிடித்திருப்பதைக் காணலாம். இப்படி மட்டும் ஓட்டுகிறவர் வாரத்துக்கொரு தடவையாவது அவிசாவளைப் பக்கம் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வரட்டும்.

நகருக்குள் ஓடும் நல்ல எஞ்சினுக்கு என் தேர்வு ரீட் வால்வு. காற்றை வெளியே மட்டும் விடும், உள்ளே விடாது. கிராங்க்கேஸில் லேசான வெற்றிடம் நிற்பதால், சிந்திக்கொண்டிருந்த மூட்டுகள் காய்ந்துவிடும். ஒரு நிபந்தனை: கிராங்க்கேஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பொருத்த வேண்டும். இரண்டடி ஹோஸின் கடைசியில் போட்டால், இடையிலுள்ள காற்றே அமுங்கி விரிந்து வால்வின் வேலையைத் தின்றுவிடும். பலர் "போட்டும் பிரயோசனமில்லை" என்பதற்குக் காரணம் இதுதான். கார் பிரேக் பூஸ்டரின் ஒருவழி வால்வு பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கும், நகர வேகத்துக்கு அது சமாளிக்கும். அதிக சுற்றில் அதன் ஸ்பிரிங் பின்தங்கிவிடும். பொருத்துவதற்கு முன் வாயால் ஊதிப் பாருங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் போக வேண்டும், உறிஞ்சினால் வரக் கூடாது. மாறிப் பூட்டினால் எஞ்சினுக்குக் காற்றடித்தது போலாகி, சீல் எங்காவது பிதுங்கும்.

இதற்கும் மறைசெலவு உண்டு. உள்ளே வெற்றிடம் கூடினால், அடியிலிருந்து ஒயிலை ஏற்றும் பம்பும் அதற்கு எதிராக இழுக்க வேண்டும். அந்தப் பக்கம் ஏற்கெனவே களைத்திருந்தால் சம்பில் ஒயில் தேங்கும். வெள்ளைக் களிம்பு ரீட் தகட்டை ஒட்டிவிடவும் கூடும் என்பதால், ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் கழற்றிப் பெற்றோலில் கழுவ வேண்டும்.

ஹோஸின் கடைசி முனை எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். அந்தக் காலத்தில் செயினுக்கு நேரே விட்டுவிடுவார்கள். மழைக்கால காலி வீதியில் பின் டயரில் ஒயில் வேண்டாம். ஒரு போத்தலில் விடலாம், ஆனால் போத்தலின் மூடியில் துளை இருக்க வேண்டும்.

## பில்டர்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை: போடுவதென்றால் திரும்பும் குழாயில் மட்டும். போகும் குழாயில் போட்டால், அடைபடும் நாளில் கிராங்க் பட்டினி கிடக்கும். திரும்பும் பக்கம் அடைபட்டாலும், பைபாஸ் உள்ள பில்டர் என்றால் ஒயில் வேறு வழியால் தாண்டிப் போய்விடும். நோர்ட்டன் கமாண்டோவிலும் 1972இல் திருகு பில்டரைத் திரும்பும் பக்கமே வைத்தார்கள்.

டிரையம்ஃப், ஏ10காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலையில் வால்வுகளைத் திறக்கும் ரொக்கர்களுக்கு ஒயில் போவது திரும்பும் குழாயிலிருந்து பிரியும் சின்னக் கிளை வழியாக. அந்தக் கிளைக்கும் டேங்குக்கும் நடுவே பில்டரைப் போட்டால், அடைபட அடைபட ரொக்கருக்கு ஒயில் கூடி, வால்வு வழியாகப் புகை வரும். கிளைக்கு முன்னே போடுங்கள். எம்20இல் ரொக்கரே இல்லை, அந்தக் கவலையும் இல்லை.

முன்பின் பிரிக்காத இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுக்குப் பில்டர் போடுவதில் பயனில்லை. அதன் கிராங்குக்குள் ஒயிலின் அழுக்கைப் பிடித்து வைக்கும் சேற்றுப் பொறி ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். அப்படிப்பட்ட எஞ்சினில் திடீரென்று அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் கூடிய 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றினால், பல வருடமாகப் படிந்தது இளகி பிக் எண்டுக்குப் போகும் துளையைத் தேடிவரும். பில்டரோ அதற்கு அப்பால் நிற்கும். பிரிக்கும் வரை பழைய மாதிரி ஒற்றைத் தர எஸ்ஏஇ 40 அல்லது 50ஐ அடிக்கடி மாற்றுவதே பாதுகாப்பு. வருடம் முழுக்க முப்பது பாகையை ஒட்டியே இருக்கும் ஊரில், குளிரில் ஸ்டார்ட் ஆக மெல்லிய ஒயில் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நமக்கு இல்லை. பிரித்துச் சேறு எடுத்த பிறகு 20டபிள்யூ-50, திரும்பும் பக்கப் பில்டர் இரண்டும் சேர்ந்து வரட்டும்.

எதைப் பொருத்தினாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரால் எஞ்சினைச் சுற்றுங்கள், ஒயில் ஓரளவு நகர்ந்துவிடும். பிறகு பிளக்கைப் பூட்டி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பும் குழாயில் ஒரு நிமிடத்துக்குள் ஒயில் தலைகாட்டாவிட்டால், கராஜ் பாஸ் "கொஞ்சம் ஓடினால் வந்துடும்" என்று சொன்னாலும் எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.